‘சின்ன விபத்து’ என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு?

வட தமிழகத்தின் சிறுநகரம் ஒன்று. கட்டட வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார் 34 வயதுக் கொத்தனார் ஒருவர். முன்னே சென்ற கார் சைகை விளக்கு எதுவுமின்றித் திடீரென வலப்பக்கம் திரும்பியது. அதை முந்திச் செல்ல முயன்ற அவர் காரின் கதவில் மோதி விழுந்தார். வேகம் அதிகமில்லை. காரின் கதவு நசுங்கியது. அவருடைய வலது மணிக்கட்டு வீங்கியது. கூடிய கூட்டத்திலிருந்து எழுந்த முதல் கேள்வி அடிபட்டதா என்பதன்று, “நீ எந்தத் தெரு?” என்பதே. பதில் தெரிந்த பிறகு, தவறு யாருடையது என்பதில் அங்கே எவருக்கும் ஐயம் இருக்கவில்லை.

அன்றிரவே காவல் நிலையத்தில் வெள்ளைத்தாளில் சமரசம் எழுதப்பட்டது. “நடந்தது சின்ன விபத்து; இரு தரப்பும் பேசித் தீர்த்துக்கொண்டோம்; மேல்நடவடிக்கை வேண்டாம்.” மருத்துவச் செலவுக்கென 3,000 ரூபாய் கைமாறியது. முதல் தகவல் அறிக்கை இல்லை, சி.எஸ்.ஆர். ரசீதுகூட இல்லை. மறுநாள் அவர் அரசு மருத்துவமனைக்குச் செல்லவில்லை. புத்தூர்க் கட்டுப் போட்டுக்கொண்டார். கட்டுப் பிரித்த பிறகு மணிக்கட்டு முழுமையாக மடங்கவில்லை. கரணையை அழுத்திப் பிடிக்க இயலவில்லை. அவர் நம்மிடம் வந்தபோது விபத்து நடந்து ஐந்து மாதங்கள் கடந்திருந்தன.

இது அரிதான நிகழ்வாக இருந்தால் கட்டுரை எழுத வேண்டிய தேவை இல்லை. ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-இல் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் பதிவாயின. 4,43,366 பேர் காயமடைந்தனர். மாநிலங்களில் மிக அதிகமாக, 64,105 விபத்துகள் பதிவானது தமிழ்நாட்டில்தான். இவையெல்லாம் பதிவான கணக்கு. வெள்ளைத்தாளில் முடிக்கப்பட்ட விபத்துகள் எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை. அந்தத் தாள்களில் கையொப்பமோ கைநாட்டோ இட்டவர்கள் யார், எந்தத் தெருவினர் என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தவறு எங்கே தீர்மானிக்கப்படுகிறது?

சாலையில் இரண்டு ‘சட்டங்கள்’ புழங்குகின்றன. ஒன்று, பின்னால் வந்து மோதியவரே குற்றவாளி என்பது. மற்றது, பெரிய வண்டிக்காரரே பொறுப்பு என்பது. இரண்டுமே சட்டம் அல்ல. எந்த ஓட்டுநர் எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்கத் தவறினார் என்பது ஒவ்வொரு விபத்திலும் தனித்தனியே பார்க்கப்பட வேண்டிய கேள்வி. அதைத் தீர்மானிக்க வேண்டியது மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம். அங்கே குற்றவியல் வழக்கைப் போல ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்க வேண்டியதில்லை. எது நிகழ்ந்திருக்கக் கூடுதல் வாய்ப்பு உண்டு என்பதைக் காட்டினால் போதும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை கூறியிருக்கிறது.

இரு தரப்பிலும் தவறு இருந்தால், காயமடைந்தவரின் பங்கு எத்தனை விழுக்காடோ அத்தனை மட்டும் இழப்பீட்டில் கழிக்கப்படும். நம் கொத்தனாரும் முந்திச் செல்ல முயன்றார். அதை நாம் மறைக்கவில்லை. அவர் பங்காகத் தீர்ப்பாயம் ஒரு பகுதியைக் கழிக்கலாம். ஒரு பகுதி கழிவது வேறு. உரிமையே இல்லாமற்போவது வேறு. “உன் மேலும் தப்பு இருக்கிறது, ஆகவே எதுவும் கேட்காதே” என்பது சாலையோரத் தீர்ப்பு மட்டுமே.

அடுத்த மிரட்டல் ஆவணங்களைப் பற்றியது. “உன்னிடம் லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, கேஸ் போட்டால் நீதான் உள்ளே போவாய்.” உரிமமின்றி ஓட்டுவதற்கு 5,000 ரூபாய் அபராதம் உண்டு. காப்பீடு இல்லாத வண்டியை ஓட்டுவதும் குற்றம். தவறு உங்களுடையது என்று முடிவானால் எதிர் வண்டியின் சேதத்திற்கு நீங்களே பணம் கட்டவும் நேரலாம். இவற்றை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால், உரிமம் இல்லை என்பதாலேயே விபத்துக்கு அவர் காரணம் ஆகிவிடமாட்டார் என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. மூவர் ஒரே வண்டியில் சென்றார்கள் என்பதாலேயே கவனக்குறைவில் பங்கு சுமத்த முடியாது, அதற்கும் விபத்துக்கும் தொடர்பு காட்டப்பட வேண்டும் என்று 2020-இல் கூறியது. அபராதம் தனி, இழப்பீட்டு உரிமை தனி. இந்த இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டித்தான் சேரி மக்களின் வாய் அடைக்கப்படுகிறது.

சான்றுகள் எங்கே என்பது மெய்யான கேள்வி. நம் வழக்கில் நசுங்கல் காரின் பின்பக்கத்தில் இல்லை. வலப்பக்க முன்கதவில் இருந்தது. பின்னால் வந்து மோதினார் என்னும் வாதத்திற்கு அந்தக் கதவே மறுப்பு. ஆனால் மோட்டார் வாகன ஆய்வாளர் காரைப் பார்க்கவே இல்லை. கதவு ஒரே வாரத்தில் சீராகிவிட்டது. கார் உரிமையாளர் கதவைச் சீர்செய்யத் தம் காப்பீட்டு நிறுவனத்திடம் பணம் கோரியிருந்தால், அந்நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் எடுத்த படங்கள் இருந்தாக வேண்டும். அவற்றை முன்வைக்க ஆணையிடுமாறு தீர்ப்பாயத்தில் மனு செய்திருக்கிறோம். கதவின் சேதத்தை ஒரு நிறுவனம் நம்பிப் பணம் கொடுத்திருந்தால், அதே மோதலில் உடைந்த கையை நம்ப மறுப்பது எப்படி?

காயத்தை அளப்பது யார்?

காரின் கதவைப் பார்த்து விபத்தை ‘சின்னது’ என்கிறார்கள். சட்டம் அப்படி அளப்பதில்லை. எலும்பு முறிவு எதுவாயினும், மணிக்கட்டில் உள்ள சிறு எலும்பாயினும், சட்டத்தின் மொழியில் அது கொடுங்காயம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, 2022 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு, கொடுங்காயத்திற்குத் தவறு யாருடையது என்று மெய்ப்பிக்காமலேயே 2,50,000 ரூபாய் கோர வழி செய்கிறது. 3,000 ரூபாயோடு இத்தொகையை ஒப்பிட்டுப் பாருங்கள். எனினும் அதை ஏற்றுக்கொண்டால் 166-ஆம் பிரிவின்கீழ் முழு இழப்பீடு கோரும் வழக்கு முடிந்துவிடும். ஆகவே கணக்குப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

அந்தக் கணக்கில்தான் உழைப்பாளியின் உடல் குறைத்து மதிப்பிடப்படுகிறது. மருத்துவ வாரியம் மணிக்கட்டுக்கு 10 விழுக்காடு ஊனம் என்று சான்று தரலாம். அலுவலகத்தில் அமர்ந்து எழுதுபவருக்கு அது சிறு இடைஞ்சலாக முடியலாம். கரணை பிடித்து வாழ்பவருக்கு? உடல் ஊனத்தின் விழுக்காடும் வருவாய் ஈட்டும் திறனின் இழப்பும் ஒன்றல்ல என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. கை இழப்பு ஓட்டுநருக்கும் தச்சருக்கும் ஏறத்தாழ முழு வருவாய் இழப்பாகலாம், எழுத்தருக்கு அவ்வாறு ஆகாது என்று அத்தீர்ப்பே எடுத்துக்காட்டுகிறது.

வருவாய்க்குச் சான்று கேட்பது அடுத்த தடை. கூலிக்குச் சம்பளச் சீட்டு ஏது? 2014-இல், காலை இழந்த காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கில், அத்தகையவரிடம் வருவாய் ஆவணத்தை எதிர்பார்ப்பது நியாயமன்று என்று கூறி, 2008-இல் நடந்த அவ்விபத்துக்கு மாத வருவாயை 6,500 ரூபாயாக உச்ச நீதிமன்றம் ஏற்றது. அதற்கு மூன்றாண்டுகள் முன்பே, கூலித் தொழிலாளி ஒருவர் சொன்ன 4,500 ரூபாயைத் தீர்ப்பாயம் 3,000 ஆகக் குறைத்ததை அது திருத்தியது.

இந்த இரண்டு எண்களும் என்ன செய்யும் என்று பார்ப்போம். 34 வயதுக்குப் பெருக்கி 16. சொந்தமாக உழைத்து வாழ்பவருக்கு 40 வயதுக்குள் எதிர்கால வளர்ச்சியாக 40 விழுக்காடு சேர்க்கப்படும். மாத வருவாய் 9,000 ரூபாய், இழப்பு 10 விழுக்காடு என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டால், வருவாய் இழப்புத் தலைப்பில் கிடைப்பது 2,41,920 ரூபாய். மாத வருவாய் 15,000, இழப்பு 25 விழுக்காடு என்று நிறுவினால் 10,08,000 ரூபாய். கை அதே கைதான். மேஸ்திரியைச் சாட்சியாக அழைத்தோமா, எலும்பு மருத்துவரிடம் “இவரால் இனிச் சாரத்தில் ஏறிப் பூச்சு வேலை செய்ய முடியுமா?” என்று கேட்டோமா என்பதில்தான் இந்த வேறுபாடு இருக்கிறது.

ஐயப்படும் நிறுவனங்கள்

காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றைச் சொல்கின்றன: போலி உரிமைக்கோரல்கள் பெருகிவிட்டன என்று. அது முழுப் பொய்யன்று. உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து வழக்குகளை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டதும், அதில் தொடர்புடைய வழக்குரைஞர்கள் மீது நடவடிக்கை எடுக்காததற்காக 2021-இல் அம்மாநில வழக்குரைஞர் மன்றத்தை உச்ச நீதிமன்றம் கண்டித்ததும் நடந்தவை. போலி வழக்கு போடும் எவரும் நம் மக்களின் எதிரி. காயமடைந்த ஒவ்வொரு கூலித் தொழிலாளியின் மீதும் விழும் ஐயத்தை வளர்ப்பவர்கள் அவர்களே. ஆனால் அந்த ஐயம் எல்லார் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. தனியார் மருத்துவமனைக் கோப்போடு வருபவர் நோயாளியாகப் பார்க்கப்படுகிறார். புத்தூர்க் கட்டோடு வருபவர் நடிகராகப் பார்க்கப்படுகிறார்.

சாதிச் சொல் உதிர்ந்தபோது

அன்று மாலை சாலையில் சாதிப் பெயர் சொல்லி வசவும் விழுந்தது. சமரசத் தாளில் அது இல்லை. விபத்தும் வன்கொடுமையும் தனித்தனிக் குற்றங்கள். பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப் பெயரால் இழிவுபடுத்துவது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆம் பிரிவில் வரும். வழக்குப் பதிவுக்கு முன் பூர்வாங்க விசாரணை தேவையில்லை என்று 2018-இல் சேர்க்கப்பட்ட 18-அ பிரிவு சொல்கிறது. “பணம் பறிக்கப் பி.சி.ஆர். போடுகிறார்கள்” என்பது வழக்கமான வசை. விபத்து இழப்பீட்டை அளிப்பது காப்பீட்டு நிறுவனம்; வன்கொடுமை வழக்கால் அத்தொகை ஒரு ரூபாய்கூடக் கூடாது. நடக்காததைச் சேர்க்காதீர்கள், நடந்ததை விட்டுக்கொடுக்காதீர்கள். யார், எங்கே, என்ன சொல்லால் திட்டினார், யார் கேட்டார் என்பதை அன்றே எழுதிவையுங்கள்.

முதல் இரண்டு நாட்கள்

இயக்கத் தோழர்களும் மாணவர்களும் இங்கேதான் பயன்பட முடியும். வழக்குரைஞர் வருவதற்கு முன்பே வழக்கு பாதி முடிந்துவிடுகிறது.

விபத்து நடந்தவுடன் இரு வண்டிகளையும் நகர்த்துவதற்கு முன், நசுங்கிய இடம் தெரியும்படி படம் எடுக்க வேண்டும். காயம் சிறிதெனத் தோன்றினாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குச் சென்று, விபத்துப் பதிவேட்டில் எந்த வண்டி எப்படி மோதியது என்பதைச் சொல்லிப் பதிந்து, ஏ.ஆர். நகலும் எக்ஸ்ரேயும் பெற வேண்டும். அதன்பின் புத்தூருக்குப் போவது அவரவர் விருப்பம். காயம்பட்டவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வதும், 24 மணி நேரத்திற்குள் காவல் துறைக்குத் தெரிவிப்பதும் 134-ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை என்பதையும் நினைவூட்டுங்கள்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். கைது செய்வதற்குரிய குற்றம் தெரியவந்தால் வழக்குப் பதிவு கட்டாயம் என்று 2013-இல் உச்ச நீதிமன்ற அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. நிலையத்தில் மறுத்தால், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்கீழ் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம். பிறகு குற்றவியல் நடுவரிடம் செல்லலாம். வழக்குப் பதிவானால், 2022-ஆம் ஆண்டு விதிகளின்படி 48 மணி நேரத்திற்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாட்களுக்குள் விரிவான விபத்து அறிக்கையையும் காவல் துறை தீர்ப்பாயத்திற்கு அனுப்பியாக வேண்டும். வெள்ளைத்தாள் சமரசம் இந்தச் சங்கிலியை முதல் கண்ணியிலேயே அறுக்கிறது. யாரும் தவிர்க்கத் துடிப்பது அந்தச் சங்கிலியைத்தான்.

எல்லாவற்றிற்கும் மேல், காலம். 166(3) பிரிவு இழப்பீட்டு மனுவுக்கு விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாத வரம்பு விதிக்கிறது. அவ்வரம்பு செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் சென்றுள்ளது. அதை நம்பி எவரும் காத்திருக்க வேண்டாம். மனுவைத் தாங்கள் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே தாக்கல் செய்யலாம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் இருக்கிறது. மக்கள் நீதிமன்றத்தில் தொகையை ஏற்றுக் கையொப்பமிட்டால் மேல்முறையீடு இல்லை. அங்கே அமர்வதற்கு முன் மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

கொத்தனாரின் மனுவை ஆறாவது மாதம் முடிவதற்குள் தாக்கல் செய்துவிட்டோம். கண்காணிப்பாளருக்கும் பின் நடுவருக்கும் மனு செய்து வழக்கும் பதிவானது. புகார் தாமதமானது என்பதாலேயே இழப்பீட்டை மறுக்க முடியாது என்ற 2011-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நம்பியிருக்கிறோம். அண்மையில் குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்டார்கள்: “3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு, சின்ன விபத்து என்று எழுதிக் கொடுத்தீர்களா இல்லையா?”

அவர் வலது கையைக் கூண்டின் விளிம்பில் வைத்தபடி சொன்னார்: “எழுதினது அவங்கங்க. நான் கையெழுத்துதான் போட்டேன். அதுவும் இடது கையாலதான் போட முடிஞ்சுது.”

தாளைத் தீர்ப்பாய நீதிபதி ஒருமுறை எடுத்துப் பார்த்தார். கோணலான அந்தக் கையொப்பம் இப்போது நம் சான்றாவணங்களில் ஒன்று.