அங்கோர் வாட் கம்போடியாவைத் தூக்கி நிறுத்தவில்லை

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

பத்து நாளாக ஒரே வீடியோ நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுக்களிலும் சுற்றிச் சுற்றி வருகிறது. முதல் பாதியில் அங்கோர் வாட் கோபுரங்கள், பின்னணியில் உறுமி மேளம், "தமிழ் மன்னன் கட்டிய கோயில்" என்று கம்பீரக் குரல். அடுத்த பாதியில் நோம் பென் நகரத்து அடுக்குமாடிகளும் மேம்பாலங்களும். கடைசியில் தீர்ப்பு: பழம்பெருமையை மறக்காத நாடு என்பதால்தான் சாம்பலிலிருந்து எழுந்தது, அந்தப் பெருமை நம்முடையது. கீழே கைதட்டல் பொம்மைகள். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். "மாமா, வரலாறு எடுத்த நீங்களே ஒண்ணும் சொல்லலையே" என்று மருமகன் தனியாகக் கேட்டுவிட்டான். சொல்கிறேன்.

தமிழ் மன்னன் கதையை முதலில் முடித்துவிடுவோம். கோயிலைக் கட்டியவன் இரண்டாம் சூரியவர்மன், 12ஆம் நூற்றாண்டு, க்மெர் அரசன். 'வர்மன்' என்று முடிவதால் பல்லவர் பிள்ளை என்றால், என் வருகைப் பதிவேட்டில் இருந்த லெனின்களும் ஸ்டாலின்களும் ரஷ்யாக்காரர்கள்தான். உண்மையான தொடர்பு இருக்கிறது, அதைச் சொல்லுங்கள். க்மெர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து கிளைத்தது. காம்போஜ அரசன் ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடு சொல்கிறது. இவ்வளவு போதாதா? அடுத்தவன் வீட்டுக்குப் பட்டா கேட்க வேண்டுமா?

எனக்குக் கோபம் வந்தது இதற்கல்ல. பழம்பெருமைதான் அந்த நாட்டைத் தூக்கி நிறுத்தியது என்ற பேச்சுக்குத்தான். அதே பழம்பெருமையைச் சொல்லித்தான் அந்த நாட்டை அழித்தார்கள்.

1975 ஏப்ரல் 17. போல் பாட்டின் க்மெர் ரூஜ் படை நோம் பென்னுக்குள் நுழைந்தது. சில நாட்களில் நகரம் முழுக்கக் காலி. ஆஸ்பத்திரியில் கிடந்த நோயாளிகளைக்கூடக் கட்டிலோடு தெருவுக்குத் தள்ளினார்கள். பணத்தை ஒழித்தார்கள், மத்திய வங்கியை வெடி வைத்துத் தகர்த்தார்கள், பள்ளிக்கூடங்களை மூடினார்கள். 1979 ஜனவரி 7 அன்று வியட்நாம் படை வந்து விரட்டும்வரை சுமார் 17 லட்சம் பேர் செத்தார்கள். அந்த நாட்டு மக்கள்தொகையே அப்போது 80 லட்சத்துக்குள்தான்.

அந்த ஆட்சியின் கொடி என்ன தெரியுமா? சிவப்புத் துணியில் மஞ்சள் நிறத்தில் மூன்று கோபுர அங்கோர். நம் முன்னோர் இந்தக் கோயிலைக் கட்டினார்கள், ஏரி வெட்டினார்கள், நெல்லில் செழித்தார்கள். யார் உதவியும் இல்லாமல் நம்மாலும் முடியும் என்பதுதான் அவர்கள் வாதம். அங்கோர் ஏரிகள் உண்மையிலேயே பிரமிப்புதான். மேற்கு பாராய் என்ற ஏரி மட்டும் 8 கிலோமீட்டர் நீளம். அதைக் காட்டி, சுமார் ஒரு டன் விளைந்த ஹெக்டேரில் 3 டன் விளைய வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். விளையவில்லை. விளையவில்லை என்று சொன்னால் தலை போகும். கீழே இருந்தவன் பொய்க் கணக்கு எழுதினான், மேலே இருந்தவன் அந்தக் கணக்குப்படி நெல்லை அள்ளிக்கொண்டு போனான். கால்வாய் வெட்டியவன் கஞ்சித் தண்ணீர் குடித்துச் செத்தான்.

இன்னொன்று, எனக்குத் தொண்டையில் நிற்பது. போல் பாட் ஒரு வாத்தியார். தனியார் பள்ளி ஒன்றில் வரலாறும் புவியியலும் எடுத்தவர். அவர் கூட்டாளிகள் இயெங் சாரி, சோன் சென் இருவரும் வாத்தியார்கள். துவோல் ஸ்லெங் சிறையை நடத்திய டூக் கணக்கு வாத்தியார். அந்தச் சிறையே ஒரு உயர்நிலைப் பள்ளிதான். வகுப்பறைக்குள் செங்கல் வைத்து ஆளுக்கு ஒரு பொந்து கட்டினார்கள். பிள்ளைகள் உடற்பயிற்சி செய்ய நட்டிருந்த மரச் சட்டத்தில் மனிதர்களைத் தலைகீழாகத் தொங்கவிட்டார்கள். கொன்றவர்களும் ஆசிரியர்கள், செத்தவர்களும் ஆசிரியர்கள். நாட்டில் இருந்த ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் இறந்தார்கள் அல்லது ஓடிப்போனார்கள் என்று மதிப்பிடுகிறார்கள்.

இப்போது, யார் தூக்கி நிறுத்தினார்கள் என்று பார்ப்போம்.

1979லேயே பள்ளிகளைத் திறந்தார்கள். கட்டடம் இல்லை, புத்தகம் இல்லை, வாத்தியார் இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, சில வாரம் பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். அதிகம் தெரிந்தவன் கொஞ்சம் தெரிந்தவனுக்கு, கொஞ்சம் தெரிந்தவன் ஒன்றும் தெரியாதவனுக்கு என்பதுதான் ஏற்பாடு. நான் இரண்டு வருடம் பயிற்சிப் பள்ளியில் படித்து, பாடக்குறிப்பு எழுதிக் கை ஒடிந்து, அதன் பிறகும் முதல் நாள் மூன்றாம் வகுப்பு முன்னால் வாய் உலர்ந்து நின்றவன். அந்த மனிதர்கள் சொந்தக்காரர்களைப் புதைத்த கையோடு, மரத்தடியில், சுண்ணாம்புக்கட்டிகூட இல்லாமல் நின்றார்கள். சம்பளம் அரிசி. ரியெல் என்ற பணமே 1980 மார்ச்சில்தான் திரும்ப வந்தது.

உலகம் அப்போது என்ன செய்தது என்பதையும் வீடியோ சொல்லவில்லை. ஐ.நா. சபையில் கம்போடியாவின் நாற்காலி 1980கள் முழுக்கக் க்மெர் ரூஜ் தரப்பிடமே இருந்தது. நோம் பென் அரசை ஏற்றுக்கொண்ட சில நாடுகளில் 1980இல் இந்தியாவும் ஒன்று. 1986 முதல் 1993 வரை நம் தொல்லியல் துறை ஆட்கள் உள்நாட்டுச் சண்டைக்கு நடுவே அங்கோர் வாட்டைச் சீரமைத்தார்கள். பெருமைப்பட ஆசையென்றால் இதற்குப் படுங்கள்.

1991இல் பாரிஸ் ஒப்பந்தம், 1993இல் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல். அதன் பிறகுதான் பொருளாதாரம் என்று சொல்லும்படி ஒன்று வந்தது. அதைச் சுமந்தவர்கள் கிராமத்துப் பெண்பிள்ளைகள். திருப்பூரில் இருக்கும் என் மாணவிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. லாரியில் நின்றுகொண்டே வேலைக்குப் போவது, ஒரு அறையில் நாலைந்து பேர், ஓவர்டைம், மாதக் கடைசியில் ஊருக்குப் பணம். 1999இல் அமெரிக்கா ஒரு ஒப்பந்தம் போட்டது: தொழிற்சாலையில் தொழிலாளர் நிலைமை மேம்பட்டால் கூடுதலாகத் துணி வாங்கிக்கொள்கிறோம் என்று. சர்வதேச தொழிலாளர் அமைப்பு உள்ளே போய்ச் சோதித்தது. 1998இலிருந்து 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 7 சதவீதத்துக்கு மேல் வளர்ந்த நாடு அது. வீடியோ முழுக்கத் தேடினேன், ஒரு தையல் மிஷின்கூட இல்லை.

ஒரு தம்பி கீழே எழுதியிருக்கிறான், "இப்படி ஒரு உறுதியான தலைவர் நமக்கும் வேணும் சார்" என்று. தம்பி, ஹுன் சென் 1985இலிருந்து 2023 வரை பிரதமர். பிறகு அவர் மகன். 2017இல் முக்கிய எதிர்க்கட்சியையே கலைத்தாயிற்று. அதனால் 2020இல் ஐரோப்பிய ஒன்றியம் வரிச்சலுகையில் ஒரு பகுதியைப் பறித்தது. அடி விழுந்தது அந்தத் தையல் மிஷின் மேல்தான். கூலி யார் கொடுத்து உயர்ந்தது? 2013இல் மாதக் குறைந்தபட்சக் கூலி 80 டாலர். கூட்டிக் கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். 2014 ஜனவரியில் நோம் பென்னில் துப்பாக்கிச் சூடு, குறைந்தது நான்கு பேர் செத்தார்கள். அடுத்த வருடம் கூலி 128 டாலர். 2025இல் 208. உறுதி யாரிடம் இருந்தது என்று நீயே கூட்டிப் பார்.

எல்லாம் நன்றாயிருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். நிலப் பத்திரத்தை அடகு வைத்துக் குழுக் கடன் வாங்கி, கட்ட முடியாமல் நிலத்தை விற்றவர்கள் அங்கே ஏராளம். சிஹானூக்வில் என்ற கடற்கரை ஊரில் சூதாட்ட விடுதிகளாகக் கட்டித் தள்ளினார்கள். 2019இல் ஆன்லைன் சூதாட்டத்துக்குத் தடை வந்ததும் கட்டடங்கள் பாதியில் நின்றன. அந்த ஊரிலும் மற்ற இடங்களிலும் இப்போது இணைய மோசடிக் கும்பல்கள். டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போய் அடைபட்ட இந்தியர்களில் தமிழ்நாட்டுப் பையன்களும் உண்டு. போன மாதம் ஒரு பழைய மாணவர் தன் மகனுக்கு அப்படி ஒரு ஏஜெண்ட் வந்திருப்பதாகச் சொன்னார். டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறானாம். சென்னையில் வெளிநாட்டு வேலைக்குப் போவோருக்கான மத்திய அரசு அலுவலகம் இருக்கிறது. பதிவு பெற்ற ஏஜெண்டா என்று அங்கே கேட்காமல் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்காதீர்கள். மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

கோயில் பெருமை எங்கே கொண்டு போகும் என்பதற்குப் பழைய கதைதான் வேண்டும் என்றில்லை. 2025 ஜூலையில் தாய்லாந்தும் கம்போடியாவும் எல்லையில் பீரங்கியால் சுட்டுக்கொண்டன. எல்லைக்கோட்டுத் தகராறுதான். ஆனால் அதன் நடுவில் இருப்பவை பழைய க்மெர் கோயில்கள். லட்சக்கணக்கானவர்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். தாய்லாந்தில் கூலி வேலை பார்த்த கம்போடியர்கள் மூட்டையோடு ஊர் திரும்பினார்கள். அவர்கள் அனுப்பிய பணத்தில் சமைத்த வீடுகளில் இன்று அடுப்புக்கு யார் பதில் சொல்வது? முன்னோர் கட்டிய கோபுரமா?

மருமகனே, டிசம்பரில் குடும்பத்தோடு அங்கே டூர் போவதாக உன் அம்மா சொன்னாள். நல்லது, போய் வா. அங்கோருக்கு ஒரு நாள் டிக்கெட் 37 டாலர், தலைக்கு. நோம் பென்னில் இறங்கும் அன்று காலை துவோல் ஸ்லெங் போ. பிள்ளைகளை உள்ளே கூட்டிப் போவதா என்பதை நீ பார்த்து முடிவு செய். சாயங்காலம் நகர ஓரத்தில் ஏதாவது கார்மென்ட் கம்பெனி வாசலில் ஷிப்ட் முடியும் நேரத்தில் ஒரு அரை மணி நேரம் நில். போட்டோ எடுக்காதே, சும்மா பார். அங்கோர் வாட்டில் மேல் தளத்துப் படி சுவர் மாதிரி செங்குத்து. அம்மாவுக்கு முட்டி வலி, ஏற விடாதே.