ஜோதி பாசு: உட்காராத நாற்காலியும் உட்கார்ந்த நாற்காலியும்

ஜோதி பாசு என்றதும் பெரும்பாலானவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அவருக்குக் கிடைக்காமல் போன பிரதமர் பதவி தான்.

1996 மே மாதம். வாஜ்பாயின் 13 நாள் அரசு இன்னும் அமையவில்லை. காங்கிரசும் பா.ஜ.க.வும் அல்லாத கட்சிகள் எல்லாம் சேர்ந்து ஒரு பிரதமரைத் தேடுகின்றன. வி.பி.சிங்கைக் கேட்டார்கள், அவர் வேண்டாம் என்று விட்டார். அடுத்து வந்த பெயர் ஜோதி பாசு. கூட்டணியில் எல்லோரும் சம்மதம். சம்மதிக்காதது ஒரே ஒரு கட்சி... அது பாசுவின் சொந்தக் கட்சி! மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு கூடி, பெரும்பான்மை முடிவாக மறுத்து விட்டது. கூட்டணிக் கட்சிகள் மறுபடியும் கெஞ்சிக் கேட்க, மறுபடியும் கூடி, மறுபடியும் மறுத்தது. பாசுவும் பொதுச் செயலாளர் சுர்ஜித்தும் சிறுபான்மையில் இருந்தார்கள். தேவ கவுடா பிரதமர் ஆனார்.

அடுத்த வருடம் ஜனவரியில் பத்திரிகையாளர் எம்.ஜே.அக்பருக்கு அளித்த பேட்டியில் பாசு இதை "வரலாற்றுப் பிழை" என்றார். அன்றிலிருந்து அவரைப் பற்றி யார் எழுதினாலும் அந்த இரண்டு வார்த்தையில் தான் ஆரம்பிக்கிறார்கள் (இந்தப் பதிவும் அப்படித்தான் ஆரம்பித்திருக்கிறது, அது வேறு விஷயம்).

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி ஜெயித்தது வெறும் 32 இடங்கள். அரசு நின்றதே வெளியில் இருந்து காங்கிரஸ் கொடுத்த ஆதரவில். அதே காங்கிரஸ் ஒரு வருடம் முடிவதற்குள் தேவ கவுடாவின் காலை வாரியது. பாசுவை மட்டும் ஐந்து வருடம் விட்டு வைத்திருக்குமா என்ன? நடக்காத ஒன்றை வைத்து ஒருவரைப் புகழ்வதும் சுலபம், பரிதாபப்படுவதும் சுலபம். அவர் நிஜமாகவே உட்கார்ந்த நாற்காலி ஒன்று இருக்கிறது. 1977 ஜூன் 21 முதல் 2000 நவம்பர் 6 வரை, 23 வருடத்துக்கும் மேலாக மேற்கு வங்க முதல்வர். கணக்கு பார்க்க வேண்டிய இடம் அது தான்.

ஆள் யார் என்று சுருக்கமாகப் பார்த்து விடலாம். 1914-ல் கல்கத்தாவில் ஒரு டாக்டர் வீட்டில் பிறந்தவர். பிரசிடென்சி கல்லூரியில் ஆங்கில இலக்கியம், பிறகு லண்டனில் பாரிஸ்டர் படிப்பு. அங்கே தான் கம்யூனிஸ்ட் ஆனார். 1940-ல் ஊர் திரும்பியவர் கோர்ட்டுக்குப் போகாமல் ரயில்வே தொழிலாளர் சங்கத்துக்குப் போனார். 1946-ல் ரயில்வே தொழிலாளர் தொகுதியில் ஜெயித்து சட்டசபைக்குள் நுழைந்தார். 1964-ல் கட்சி உடைந்த போது மார்க்சிஸ்ட் கட்சியின் முதல் பொலிட்பீரோவில் இருந்த ஒன்பது பேரில் ஒருவர் (நம்மூர் பி.ராமமூர்த்தியும் அதில் இருந்தார்).

தைரியம் உள்ள மனிதர் என்பதில் சந்தேகம் இல்லை. 1969 ஜூலை 31 அன்று, சக போலீஸ்காரர் ஒருவர் கொல்லப்பட்ட ஆத்திரத்தில் போலீஸ்காரர்கள் கூட்டமாகச் சட்டசபைக்குள்ளேயே புகுந்து விட்டார்கள். அப்போது துணை முதல்வராகவும் போலீஸ் துறை மந்திரியாகவும் இருந்த பாசு, தன் அறைக்குள் வந்தவர்களிடம் நிதானமாகப் பேசி வெளியே அனுப்பினார். அடுத்த வருடம் பாட்னா ரயில் நிலையத்தில் அவரைக் குறி வைத்துச் சுட்டதில், பக்கத்தில் நின்ற தோழர் இறந்து போனார், பாசு தப்பினார்.

சரி, 1977-க்கு வருவோம். ஆட்சிக்கு வந்ததும் இடது முன்னணி செய்த முதல் பெரிய காரியம் 'ஆபரேஷன் பர்கா'. வங்காளத்தில் வாரத்துக்குப் பயிரிடுபவரை பர்காதார் என்பார்கள். சட்டப்படி அவருக்கு விளைச்சலில் முக்கால் பங்கு (விதை, உரம் எல்லாம் நிலச்சொந்தக்காரர் கொடுத்தால் பாதி). சட்டம் முன்பே இருந்தது. ஆனால் இன்னார் தான் இந்த நிலத்தில் பயிரிடுகிறார் என்று எந்தப் பதிவேட்டிலும் பெயர் இருக்காது. கேள்வி கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது. அவ்வளவு தான்!

1978-ல் அதிகாரிகள் கிராமத்துக்கே வந்து முகாம் போட்டார்கள். ஊர் கூடி இருக்கும் போது பர்காதார் எழுந்து தன் பெயரைச் சொல்லிப் பதிவு செய்யலாம். தனியாகத் தாலுகா ஆபீஸ் படியேற பயப்படுகிறவன், பத்துப் பேரோடு சேர்ந்து நின்றால் பேசுவான் என்ற எளிமையான விஷயத்தை யாரோ புரிந்து கொண்டிருக்கிறார்கள். நிலத்துறை மந்திரி பினய் சவுத்ரிக்கும், நிலச்சீர்திருத்த ஆணையராக இருந்த டி.பந்தோபாத்யாய்க்கும் இதில் பெரிய பங்கு உண்டு. மொத்தத்தில் சுமார் 14 லட்சம் பேர் பதிவானார்கள். அதே 1978-ல் பஞ்சாயத்துத் தேர்தலும் நடந்தது. நாடு முழுவதும் பஞ்சாயத்துக்கு அரசியல் சட்டத் திருத்தம் வந்ததே 1992-ல் தான்.

இதனால் பலன் இருந்ததா? அபிஜித் பானர்ஜி (2019-ல் நோபல் வாங்கியவர்), கெர்ட்லர், மைத்ரீஷ் கட்டக் மூவரும் 2002-ல் எழுதிய ஆய்வு, பர்கா பதிவு விவசாய உற்பத்தியைக் குறிப்பிடத்தக்க அளவு உயர்த்தியது என்கிறது. தன் பங்கு நிச்சயம் என்று தெரிந்தால் உழைப்பு கூடும். இதைப் புரிந்து கொள்ள மார்க்ஸ் படிக்க வேண்டியதில்லை, முதல் வருட பி.காம். பொருளாதாரமே போதும்.

ஆக, முதல் ஐந்து வருடத்தில் பாசு அரசு பெரிய முதலீடு செய்தது. அடுத்த பதினெட்டு வருடம்? அந்த முதலின் வட்டியில் ஓடியது! ஓட்டு என்ற வட்டி 1982, 87, 91, 96 என்று தவறாமல் வந்து கொண்டே இருந்தது. புது முதலீடு தான் வரவில்லை.

தொழில்துறையைப் பாருங்கள். இங்கே நியாயமாகவும் பேச வேண்டும். வங்காளத்தின் தொழில்கள் சரிந்ததற்குப் பாசு மட்டும் காரணம் இல்லை. 1950-களில் மத்திய அரசு கொண்டு வந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையால் எஃகு நாடு முழுக்க ஒரே விலையில் கிடைத்தது. ஆலை பக்கத்திலேயே இருக்கும் லாபம் வங்காளத்துக்கும் பீகாருக்கும் போனது. 1990-களின் ஆரம்பம் வரை இது நீடித்தது. 1960-களின் நடுவில் ரயில் பெட்டி ஆர்டர்கள் குறைந்து ஹௌராவின் பட்டறைகள் படுத்தன. இன்னொன்றும் உண்டு. 1980, 90-களில் அங்கே வேலைநிறுத்தத்தால் போன நாட்களை விட, முதலாளிகள் செய்த கதவடைப்பால் போன நாட்கள் தான் மிக அதிகம். 'சங்கம் தான் எல்லாவற்றையும் மூடியது' என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

ஆனால் 23 வருடம் ஆண்டவர் எல்லாவற்றுக்கும் டெல்லியைக் கை காட்ட முடியாது. 1967-ல் ஐக்கிய முன்னணி ஆட்சியில் கெரோ என்ற பெயரில் மேலாளர்களை மணிக்கணக்கில் முற்றுகையிட்ட போராட்டங்கள் முதலீட்டாளர்களைப் பயமுறுத்தின. அந்தப் பயத்தைப் போக்க, முதல்வரான பிறகு அவர் எத்தனை வருடம் எடுத்துக் கொண்டார்? தனியார் முதலீட்டையும் அந்நிய முதலீட்டையும் வரவேற்கும் தொழிற்கொள்கை வந்தது 1994-ல், அதாவது பதினேழு வருடம் கழித்து! அதற்குள் ஒரு தலைமுறை படித்து முடித்து வெளி மாநிலங்களுக்கு ரயில் ஏறி விட்டது. கம்ப்யூட்டர் வேலையைப் பறிக்கும் என்று இடதுசாரி சங்கங்கள் எதிர்த்தன. அரசு ஆரம்பப் பள்ளிகளில் ஆங்கிலத்தை எடுத்தார்கள். பிறகு அதே இடது முன்னணி அரசே ஆங்கிலத்தைத் திரும்பக் கொண்டு வந்தது. நடுவில் படித்த பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது? வசதி இருந்தவர்கள் தனியார் பள்ளிக்குப் போய் விட்டார்கள். ஆங்கிலம் இல்லாமல் போனது, பர்கா பதிவில் யாருக்கு உரிமை கொடுத்தார்களோ அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தான்.

மரிச்சாபியையும் சொல்லாமல் விட முடியாது. கிழக்கு வங்கத்தில் இருந்து வந்து தண்டகாரண்யத்தில் குடியமர்த்தப்பட்ட அகதிகள் சுந்தரவனத்தில் ஒரு தீவுக்கு வந்து சேர்ந்தார்கள். 1979-ல் அவர்களைக் கிளப்ப அரசு தீவைச் சுற்றி வளைத்து, உணவும் தண்ணீரும் போக விடாமல் தடுத்தது. துப்பாக்கிச் சூடும் நடந்தது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் இன்றைக்கும் எல்லோரும் ஒப்புக் கொண்ட கணக்கு கிடையாது. பெரும்பாலும் தலித் மக்கள். ஏழைகளின் அரசு என்று சொல்லிக் கொண்டது இதைச் செய்தது. பாசுவைக் கொண்டாடும் கட்டுரைகளில் இது ஒரு வரி கூட வருவதில்லை.

பாசு நல்ல நிர்வாகி, ஊழல் கறை அதிகம் படாதவர், கூட்டணியைச் சிதறாமல் கட்டிக் காத்தவர் என்பார்கள். மூன்றையும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் 23 வருடத்தில் எந்த நேரத்தில் நினைத்திருந்தாலும் தொழில் விஷயத்தில் கட்சியைத் திருப்பும் செல்வாக்கு அவர் ஒருவருக்குத் தான் இருந்தது. 1996-ல் கட்சி அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பது பெரிய செய்தி ஆனது. அதற்கு முன்னால், கட்சிக்குப் பிடிக்காததை அவர் அடித்துச் சொன்ன சந்தர்ப்பங்கள் எத்தனை என்று தேடினால் அதிகம் அகப்படாது.

மிச்சக் கணக்கு புத்ததேவ் பட்டாசார்யா தலையில் விழுந்தது. இருபது வருடத் தாமதத்தை ஐந்து வருடத்தில் ஈடு கட்டப் பார்த்தார் அவர். 2006-ல் டாடா கார் தொழிற்சாலைக்காக சிங்கூரில் நிலம் எடுக்கப் போனார்கள். எதிர்த்து நின்றவர்களில் பர்காதார்களும் இருந்தார்கள். 2008 அக்டோபரில் டாடா குஜராத்துக்குப் போனது. 2010 ஜனவரி 17 அன்று பாசு இறந்தார். அவர் விருப்பப்படி உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்தார்கள். அடுத்த வருடம் நடந்த தேர்தலில் 34 வருட இடது முன்னணி ஆட்சி முடிந்தது. 2021-ல் அந்தச் சட்டசபையில் மார்க்சிஸ்ட் கட்சிக்கு ஒரு இடம் கூட இல்லை.