வாலட்டில் காசு இருந்தும் நகராத பிளாக்செயின் பதிவு... தப்பு கோடிலயா, கையேட்டிலயா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் வாங்கும் பெட்டி அசல்தானா என்று க்யூ.ஆர் கோடு மூலம் காட்டும் செயலியை ராஜபாளையம் கல்லூரி மாணவர் ஒருவர் உருவாக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியின் விவரத்தை பிளாக்செயினில் ஏற்றுகிறார். வாலட்டில் காசு இருக்கு, புரோகிராமிலும் பிழை இல்லை. ஆனா பதிவு மட்டும் ஏறவே மாட்டேங்குது. ஏன்?

கேஸ் கட்டணம்னா என்ன?

பொது பிளாக்செயினில் ஒவ்வொரு பதிவுக்கும் செலுத்தும் கட்டணம்தான் 'கேஸ்'. எத்தீரியத்தில் 2021 ஆகஸ்ட் 5 முதல் இது இரண்டு பகுதியானது. ஒன்று, நெரிசலைப் பொறுத்து நெட்வொர்க்கே நிர்ணயிக்கும் அடிப்படைக் கட்டணம். மற்றொன்று, பதிவைச் சேர்ப்பவருக்கு நாம் தரும் டிப்ஸ். இரண்டும் சேர்த்து அதிகபட்சம் எவ்வளவு தரலாம் என்ற வரம்பையும் டெவலப்பர் குறிப்பிடலாம்.

சிக்கல் எங்கே?

இந்தியர்கள் தொடங்கிய பாலிகான் நெட்வொர்க்கில், குப்பைப் பதிவுகளைத் தடுக்க 2021 அக்டோபரில் குறைந்தபட்சக் கட்டணம் 1 க்வெய்யில் இருந்து 30 க்வெய்யாக உயர்ந்தது. ஆனால் டெவலப்பர்கள் பரவலாகப் பயன்படுத்தும் 'ஈதர்ஸ்' மென்பொருள் தொகுப்பின் 5-ம் பதிப்பில், டிப்ஸ் 1.5 க்வெய் என்றே நிலையாக எழுதப்பட்டிருந்தது. எத்தீரியத்துக்கு அது போதும். பாலிகானில் 'கட்டணம் போதாது' என்று திரும்பி வந்தது.

நெட்வொர்க்கின் கையேடு குறைந்தபட்சத் தொகையைச் சொல்லும். தொகுப்பின் கையேடு கட்டளையைச் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கணும்னு யார் சொல்றது? இடைவெளி அங்கேதான்.

பழைய பாடங்களும் ஒரு காரணம். பாலிகானின் 'மும்பை' சோதனைத் தளம் 2024 ஏப்ரலில் மூடப்பட்டு, 'அமோய்' வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் 'மேட்டிக்' டோக்கன் 'பி.ஓ.எல்' ஆனது. பழைய பெயர்களோடு உள்ள பாடங்கள் இணையத்தில் இன்னும் இருக்கு.

யாருக்கு நஷ்டம்?

பெரிய நிறுவனத்தில் கேட்க சீனியர் இருப்பார். சிறு ஊரில் தனியாகக் கற்பவருக்கு கையேடுதான் வாத்தியார். அதோடு, சோதனைத் தளத்தில் டோக்கன் இலவசம். அங்கே தாராளமாக வைத்துப் பழகிய கட்டணம் உண்மையான நெட்வொர்க்கில் கையைக் கடிக்கும். புரோகிராம் பாதியில் தோற்றாலும், அதுவரை செலவான கேஸ் திரும்பக் கிடைக்காது.

என்ன செய்யலாம்?

* கட்டணத்தை கோடில் நிரந்தர எண்ணாக எழுதாமல், ஒவ்வொரு முறையும் நெட்வொர்க்கிடம் கேட்டு வாங்கவும்.
* பாடம் எந்தத் தேதியில், எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்க்கவும்.
* ஒரு பதிவு சிக்கினால் அடுத்தடுத்தவையும் பின்னால் வரிசையில் நிற்கும். அதே வரிசை எண்ணில், கட்டணத்தைக் குறைந்தது 10 சதவீதம் கூட்டி மறுபடி அனுப்பவும்.

மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் சாதிச் சான்றிதழ்களையே பாலிகானில் பதியும் திட்டம் 2022-ல் வந்தது. பால்கோவா பெட்டியில் தொடங்கும் சிக்கல், நாளை சான்றிதழுக்குக் காத்திருப்பவர் வரை போகலாம். கையேட்டில் விடுபட்ட ஒரு வரி சின்ன விஷயம் இல்லை.