பழ ஈயும் மலையகப் பிள்ளைகளும்

அழுகிய வாழைப்பழத்தைச் சுற்றும் சிறு ஈயை ஆண்டுக்கணக்கில் ஆராய்வது பணக்கார நாடுகளின் ஆடம்பரம் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். கலைப் பட்டதாரியான எனக்கும் அக்கருத்தில் உடன்பாடில்லை.

ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்ட், எரிக் வீஷாஸ் ஆகிய இருவரும் பழ ஈயின் மரபணுக்களில் பழுதுகளை உண்டாக்கி, குடம்பிகளில் விளைந்த மாற்றங்களை ஒவ்வொன்றாக நோக்கினர். ஒரு மரபணு பழுதுபட்டபோது குடம்பியின் அடிப்புறமெங்கும் முட்கள் நிறைந்தன. எனவே அதற்கு முள்ளெலி எனப் பொருள்படும் 'ஹெட்ஜ்ஹாக்' என்ற பெயரை இட்டனர். 1980இல் வெளியான அந்த ஆய்வின் நோக்கம் புற்றுநோய் அன்று. ஒரு முட்டை எவ்வாறு உடலாகிறது என்பதே கேள்வி. 1995இல் எட்வர்ட் லூயிஸுடன் இவர்களுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஹெட்ஜ்ஹாக் புரதம் ஒரு கலம் அயற்கலத்துக்கு விடுக்கும் செய்தி. அது வராதவரை, 'பேட்ச்டு' என்னும் புரதம் காவலாளியாக நின்று சமிக்ஞையைத் தடுத்து வைக்கிறது. செய்தி வந்ததும் தடை நீங்கி, கருவினுள் குறித்த மரபணுக்கள் செயற்படத் தொடங்குகின்றன. மனிதரிலும் இதே ஏற்பாடு உண்டு. அந்தக் காவலாளி பழுதுபட்டால் ஒருவகைத் தோற்புற்றுநோய் உண்டாகிறது என்பது 1996இல் தெரியவந்தது. இச்சமிக்ஞையை அடக்கும் விஸ்மோடெகிப் என்ற மருந்துக்கு 2012இல் அமெரிக்கா அனுமதியளித்தது.

ஹட்டனிலிருந்து கண்டிக்கும் மஹரகமைக்கும் பஸ் ஏறும் நம் தொழிலாளருக்கு இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். வெற்றிலையும் புகையிலையும் தரும் வாய்ப்புற்றுநோய்க்கான மருந்து அன்று இது. அதற்கு முதலில் வேண்டியது தடுப்பே. ஆனால் தடுப்பை லயத்து மக்களுக்கு அவர்களின் மொழியில் விளங்கவைக்கவும், நாளைய மருந்தைத் தேடவும், விஞ்ஞானம் கற்ற பிள்ளைகள் அந்த லயங்களிலிருந்தே வரவேண்டும். உயர்தர விஞ்ஞானப் பிரிவும் அதற்கான ஆசிரியர்களும் உள்ள தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் போதாது.

பழ ஈயை வளர்க்க ஒரு போத்தலும் கனிந்த வாழைப்பழமும் போதும். 25 பாகை வெப்பத்தில் சுமார் 10 நாட்களில் புதிய தலைமுறை தோன்றும். நுவரெலியாக் குளிரில் சற்றுத் தாமதிக்கும், அவ்வளவே. ஈயும் பழமும் எங்கள் மலைகளிலும் உண்டு. அவற்றை வைத்துக் கற்பிக்க ஆசிரியரை அனுப்புங்கள் என்று அதிகாரத்தில் உள்ளவர்களிடம் கேட்பது சலுகை கேட்பதாகாது.