ரெகார்டு நோட்டில் மாணவரின் சொந்த எண் எங்கே?

ஆசிரியருக்கு,

உயிரியல் பட்டதாரிக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும்? முதலில், எண்ணிப் பார்த்து யோசிக்கத் தெரிய வேண்டும். 1866இல் மெண்டல் வெளியிட்ட கட்டுரையில் 7324 பட்டாணி விதைகளின் கணக்கு இருக்கிறது. உருண்டை 5474, சுருங்கியவை 1850. விகிதம் 2.96:1. நம் மாணவர்கள் 3:1 என்பதைத் தூக்கத்திலும் சொல்வார்கள். ஏன் சரியாக மூன்று வரவில்லை, எவ்வளவு விலகினால் கருதுகோளைச் சந்தேகிக்க வேண்டும் என்று கேட்டால் பதில் வராது. இந்த விலகலை அளக்கும் கை வர்க்கச் சோதனையைப் பாடமாகப் படித்திருப்பார்கள். தாங்களே எண்ணிய விதைகளுக்கு அதைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு.

ரெகார்டு நோட்டில் சீனியர் எழுதிய விடையையே ஜூனியரும் எழுதுவதைப் பல ஆண்டுகள் பார்த்து வருந்தியிருக்கிறேன். எதிர்பார்த்த விடை வராதபோது, வந்த எண்ணையே எழுதிக் காரணம் தேடும் மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். அடுத்து, வளாகத்துப் பூவரசின் பூவைப் பிரித்துப் பார்த்து, அதன் குடும்பத்தைச் சொல்லவும் பழக்குங்கள்.

செய்முறைத் தேர்வில், மாணவர் முன்பு பார்த்திராத தரவு ஒன்றைக் கொடுத்து அலசச் சொல்லலாம். பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த திருத்தத்திலேயே இதைச் சேர்க்க வேண்டும்.

ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியை,
திருச்சி