மெஷினுக்குக் காசு சேர்த்தோம், மருந்தை யோசித்தோமா?



போன மாதம் எங்கள் பாடசாலை ஆசிரியை ஒருவரின் உம்மாவைப் பெட் ஸ்கேன் எடுக்கக் கொழும்புக்குக் கொண்டு போனார்கள். இரவெல்லாம் வேனில் பயணம், வெறும் வயிறு. போய்ச் சேர்ந்ததும், "இன்றைக்கு மருந்து இல்லை, வேறு திகதி தருகிறோம்" என்றிருக்கிறார்கள். மகன்மார் சத்தம் போட்டுவிட்டு வந்தார்கள். மறுநாள் ஆசிரியர் அறையில் நாங்களும் சேர்ந்து ஏசினோம். "முதல் நாளே மருந்தைச் செய்து வைத்தால் என்ன?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனபோதுதான் நாங்கள் ஏசியது அவசரம் என்று விளங்கியது.

அந்த மருந்தின் பெயர் எப்டிஜி. குளுக்கோசு மூலக்கூறில் ஓர் ஐதரொட்சைல் கூட்டம் இருந்த இடத்தில் கதிர்வீசும் புளோரீன்-18 அணுவை வைத்தால் கிடைப்பது. இந்தப் புளோரீனின் அரைவாழ்வுக் காலம் ஏறக்குறைய 110 நிமிடம். காலை 6 மணிக்கு 100 பங்கு இருந்தால் 7.50க்கு 50, 9.40க்கு 25, 11.30க்கு 12.5. முதல் நாள் செய்து வைத்தால் மறுநாள் சும்மா சீனித் தண்ணீர்தான் மிஞ்சும். இதை எந்தக் குளிர்சாதனப் பெட்டியாலும் நிறுத்த முடியாது. புளோரீனைச் செய்வது, சீனியில் பொருத்துவது, சுத்தம் பார்ப்பது, வாகனத்தில் ஏற்றுவது, ஊசி போடுவது எல்லாம் அந்த மணிக்கூட்டுக்குள் முடிய வேண்டும்.

பொருத்துவதுதான் பெரிய பாடு. ஒட்சிசன்-18 செறிந்த தண்ணீரில் சைக்கிளோத்திரன் மூலம் புரோத்தன்களை மோதவிட்டால் புளோரைட்டு அயன் கிடைக்கிறது. ஆனால் அது தண்ணீருக்குள் பிறந்த பிள்ளை. முதலாம் தரத்துக்கு முதல் நாள் வரும் பிள்ளை உம்மாவின் அபாயாவைப் பிடித்துக்கொண்டு வகுப்புக்குள் வரமாட்டேன் என்று நிற்குமே, அதுபோல் தண்ணீர் மூலக்கூறுகளை விடாது, சீனியோடு சேராது.

1976இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுகூடத்தில் டட்சுவோ இடோவும் கூட்டாளிகளும் முதன்முதலாக இந்த மருந்தைச் செய்தபோது வேறு வழியில் போனார்கள். புளோரீன் வாயுவைப் பாவித்தார்கள். அந்த வாயுவில் அணுக்கள் சோடியாக இருக்கும்; ஒன்றுதான் சீனியில் ஏறும், மற்றது வீண். கிடைத்த கொஞ்சத்தை விமானத்தில் பிலடெல்பியாவுக்கு அனுப்பி, அங்கே ஒரு மனிதரின் மூளையைப் படம் பிடித்தார்கள். அப்போதும் மணிக்கூட்டோடுதான் ஓட்டம்.

பிடிவாதக்காரப் பிள்ளையை வகுப்புக்குள் கொண்டுவர இன்னும் பத்து வருடம் சென்றது. 1986இல் ஜேர்மனியின் யூலிக் நகரில் ஹமாக்கர், கோனன், ஷ்டொக்லின் மூவரும் வழி கண்டார்கள். தண்ணீரை அசற்றோநைத்திரைலோடு சேர்த்து ஆவியாக்கி விரட்டினார்கள். புளோரைட்டை இழுத்துப் பிடிக்கும் பொற்றாசியம் அயனைக் கிரிப்டோபிக்ஸ் என்ற கூண்டு மூலக்கூறுக்குள் பூட்டினார்கள். அம்மணமாக நின்ற புளோரைட்டுக்கு, இலகுவில் கழன்று போகும் ஒரு கூட்டம் வைத்த மனோசு சீனியைக் கொடுத்தார்கள். புளோரைட்டு பின்பக்கத்தால் ஏறி அந்தக் கூட்டத்தை வெளியே தள்ளியது. விளைவு பாதிக்கும் மேல். இன்று ஈயச் சுவருக்குப் பின்னால் ஒரு பெட்டி இதையே ஏறக்குறைய அரை மணித்தியாலத்தில் செய்கிறது.

ஆனால் கிரிப்டோபிக்ஸ் நஞ்சு. மருந்தில் அது மிஞ்சியிருக்கிறதா என்று பார்க்காமல் ஊசி போட முடியாது. அன்றைய தயாரிப்பு பரிசோதனையில் தவறினால் முழுவதையும் கைவிட வேண்டியதுதான். மெஷின் பழுதாகலாம், வாகனம் தாமதிக்கலாம். அன்று என்ன நடந்தது என்று நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் குறையை நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் "மருந்து இல்லை" என்பது சில நாட்களில் ஒருவர் தன் கடமையைச் சரியாகச் செய்ததன் அடையாளமாகவும் இருக்கலாம்.

இரண்டாம் முறை ஸ்கேன் எடுத்து வந்த உம்மாவைப் பேரப்பிள்ளைகள் மூன்று நாள் கிட்டே நெருங்க விடவில்லை. பாவம். அன்று சில மணித்தியாலம் கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளியிருந்தால் போதும். 11 மணித்தியாலத்தில் 64இல் ஒரு பங்குதான் மிஞ்சும், சிறுநீரில் போவது வேறு. புற்றுநோய்க் கலம் சீனியென்று நம்பி இதை விழுங்குகிறது, ஆனால் சமிக்க முடியாமல் உள்ளேயே சிக்கிவிடுகிறது. அதனால்தான் படத்தில் ஒளிர்கிறது. (மூளையும் ஒளிரும், கிருமித் தொற்றும் ஒளிரும். படத்தை வட்ஸ்அப்பில் போட்டு நாமே முடிவு சொல்லக் கூடாது.) பிறகு அந்தப் புளோரீன் என்னவாகிறது தெரியுமா? திரும்பவும் ஒட்சிசன்-18 ஆகிறது. எதிலிருந்து வந்ததோ அதுவாகவே.

2016இல் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்குப் பெட் ஸ்கேனர் வாங்க கதீஜா பவுண்டேஷன் 20 கோடி ரூபா திரட்ட இறங்கியபோது, இன மத பேதமில்லாமல் நாடே கொடுத்தது. எங்கள் பாடசாலையிலும் பெட்டி வைத்தோம். அதில் நமக்குப் பெருமை உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் நாம் கண்ணுக்குத் தெரிவதற்கே கொடுத்துப் பழகியவர்கள்: மெஷின், கட்டில், கட்டிடம். எப்டிஜி இல்லாத நாளில் அந்த மெஷினுக்கு ஒன்றுமே தெரியாது. அதைச் செய்கிறவர் டொக்டர் அல்ல, இரசாயனவியலாளர்.

நம் ஊரில் அந்தப் பிள்ளைக்கு என்ன மரியாதை? இஸட் புள்ளி கொஞ்சம் குறைந்து, மருத்துவ பீடத்துக்குப் பதில் விஞ்ஞான பீடம் கிடைத்தால் மௌத்து வீடு மாதிரி ஆறுதல் சொல்லப் போகிறோம். "இரசாயனவியல் படித்து டியூஷனா கொடுக்கப் போறாய்?" என்கிறோம். எங்களில் சிலரும் அப்படிச் சொல்லியிருக்கிறோம், மறைப்பதற்கில்லை.

பள்ளிவாசல் நிருவாகத்திடம் நாங்கள் ஒரு கோரிக்கை எழுதியிருக்கிறோம். மருத்துவ உதவி நிதியிலிருந்து வருடம் ஒரு சிறு தொகையை, விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியல் படிக்கும் ஒரு பிள்ளைக்கு ஒதுக்க வேண்டும். பெண்பிள்ளையாக இருந்தாலும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கூட்டம். "நோயாளிக்கான காசைப் படிப்புக்குக் கொடுப்பதா?" என்று கேட்கவிருப்பவர்கள் தயவுசெய்து வாருங்கள். அந்த உம்மாவின் மூத்த மகனும் வருகிறார், கவுண்டரில் சத்தம் போட்டவர். கோரிக்கையில் முதல் கையெழுத்து அவருடையது.