இணையவழிக் கல்வியும் இல்லத்தார் கடமையும்

ஆசிரியரும் மாணாக்கரும் ஓரிடத்துக் கூடியவழியே கல்வி நிகழும் என்பது நெடுங்காலக் கொள்கை. ஆயினும் ஆசிரியர் சேய்மையிலிருப்பக் கற்கும் முறையும் புதுவதன்று. 1840-ஆம் ஆண்டிலேயே ஐசக் பிட்மன் என்பார் இங்கிலாந்தில் அஞ்சல் வழியே சுருக்கெழுத்தைக் கற்பித்தார். 1858 முதல் இலண்டன் பல்கலைக்கழகம், தன் வளாகத்தை மிதியாதாரும் தன் தேர்வெழுதிப் பட்டம் பெற வழி வகுத்தது. அன்று அஞ்சல் செய்த பணியை இன்று இணையம் செய்கின்றது. ஆனால் அஞ்சல் வழிக் கற்றார் பெரும்பாலும் வளர்ந்தோர். தம் விருப்பாற் கற்றோர். 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் பெருந்தொற்றால் நம் நாட்டுப் பள்ளிகள் அடைபட்டபோதோ, ஏழு வயதுச் சிறாரும் திரைமுன் அமர நேர்ந்தது. இல்லமே வகுப்பறையாயிற்று, இல்லத்தாரே துணையாசிரியராயினர்.

அந்நாளிற் பள்ளிச் சிறாராயிருந்த யாம் இன்று கல்லூரியிற் பயில்கின்றோம். பெற்றோர்க்கு அறிவுரை கூறும் முதுமை எமக்கில்லை. எனினும், எவ்வகை உதவி பயன்பட்டது, எது பயன்படாதொழிந்தது என உதவி பெற்றார் கூறுதல் குற்றமாகாதன்றோ? யாம் கூற விழைவது ஒன்றே: கருவி வாங்கித் தருதல் உதவியின் தொடக்கமேயன்றி முடிவன்று. நேரம், இடம், செவி ஆகிய மூன்றையும் தருதலே உண்மையான உதவி.

முதற்கண் நேரம். பள்ளியில் மணியொலி மாணாக்கரை ஆள்கின்றது, இல்லத்தில் மணியில்லை. எப்பொழுது வேண்டுமாயினும் பார்க்கலாம் என்னும் பாடம் எப்பொழுதும் பார்க்கப்படாமலே கிடத்தல் கூடும். ஆதலின் நாள்தோறும் இன்ன பொழுது படிப்புக்கு என வரையறுத்து, அப்பொழுதை வீட்டாரனைவரும் மதித்தல் வேண்டும். ஈண்டு ஓர் அநீதியையும் சுட்டாதிருக்க இயலவில்லை. ஒரே கைப்பேசியுள்ள இல்லங்கள் பலவற்றில் அது முதலில் மகன் கைக்கே செல்கின்றது. மகன் பாடங்கேட்குங்கால் வீடு அடங்கியிருக்கின்றது. மகள் பாடங்கேட்குங்காலோ, பாத்திரம் துலக்கவும் தம்பியைப் பார்த்துக்கொள்ளவும் அழைப்பு வருகின்றது. அவளது ஒரு மணி நேரமும் அவனது ஒரு மணி நேரமும் ஒரே அளவின என்பதைப் பெற்றோர் உணர்வாராயின், அதுவே அவளுக்குச் செய்யும் பேருதவியாகும்.

அடுத்தது இடம். தனியறை எல்லார்க்கும் வாய்ப்பதன்று, வேண்டுவதும் அன்று. சுவரோரம் ஒரு பாய், எழுதுதற்குத் தக்க வெளிச்சம், அந்நேரத்து அணைக்கப்பட்ட தொலைக்காட்சி: இவை போதும். கைப்பேசியிற் பாடத்திற்குப் புறம்பான அறிவிப்பொலிகளையும் நிறுத்திவைத்தல் நன்று. பதிவு செய்த பாடத்திற்கு வகுப்பறைக்கில்லாத சிறப்பொன்று உண்டு. விளங்காதவிடத்து நிறுத்தலாம், மீண்டும் கேட்கலாம். ஆகவே கையில் ஏடும் எழுதுகோலும் இன்றித் திரையை நோக்குதல் கற்றலன்று, காட்சி காண்டலே என்பதைச் சிறுவர்க்கு முதல்நாளே உணர்த்துக.

மூன்றாவது செவி. "எழுத்தறியாத யாங்கள் எங்ஙனம் உதவுவோம்?" எனச் சில பெற்றோர் வருந்துவர். அவர்க்கு யாம் கூறுவது: பாடம் முடிந்தபின் திரையை மூடச்செய்து, "இன்று என்ன படித்தாய்? எனக்குச் சொல்" எனக் கேளுங்கள். அறிவியல் அறியாத அன்னையும், மகவு தெளிந்து பேசுகின்றதா, தடுமாறுகின்றதா என்பதை எளிதில் அறிவாள். தடுமாறிய இடத்தைக் குறித்து வைத்து ஆசிரியரிடம் கேட்கச் செய்தல் வேண்டும். அதனை விடுத்து, வீட்டுப்பாடத்தைப் பெற்றோரே எழுதி அனுப்புதல் தீங்காம்; மகவின் குறை ஆசிரியர்க்குத் தெரியாமலே போய்விடும். பள்ளிகள் அடைபட்ட காலத்துக் கற்றல் இழப்பை ஈடு செய்யத் தமிழ்நாட்டரசு 2021-இல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலரைச் சிறுவரின் அருகே அமர்த்தியது. திரை ஒன்றே போதாது, அருகில் ஓர் ஆள் வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இனிக் கல்லூரிப் பாடங்கள். ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியற் கழகமும் 2003-இல் தொடங்கிய என்.பி.டி.இ.எல்., நடுவணரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் ஆகியவற்றில் யாவரும் கட்டணமின்றிப் பாடங்கேட்கலாம். ஆயினும் சேர்தல் எளிது, முடித்தல் அரிது. ஹார்வர்டு பல்கலைக்கழகமும் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனமும் நடத்திய திறந்த இணையப் பாடங்களில் 2017–18-இற் சேர்ந்தாருள், நூற்றுக்கு நால்வரினும் குறைந்தோரே அவற்றை முடித்தனர் என 2019-இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. இதற்குப் பெருங்காரணம் அறிவுக்குறை அன்று, ஒழுங்குக்குறையே என்பது எம் கருத்து. என்.பி.டி.இ.எல். பாடத்திற் சேர்ந்தாற் போதாது. சான்றிதழ் வேண்டுவோர் தேர்வுக்குத் தனியே பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, குறித்த மையத்திற்கு நேரிற் சென்று எழுதல் வேண்டும். வாரப் பயிற்சிகளுக்கும் கடைசி நாள் உண்டு. அந்நாள்களைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியிற் குறித்து வைத்து, "இவ்வாரப் பயிற்சி அனுப்பியாயிற்றா?" எனத் தந்தையார் ஒருமுறை வினவுதல், "எத்தனை மதிப்பெண்?" எனப் பலமுறை வினவுதலினும் பயனுடைத்து.

"கண்காணியாவிடிற் பிள்ளைகள் விளையாட்டில் ஆழ்ந்துவிடுவர்" என்பார் உளர். அவ்வச்சம் பொய்யன்று. இளஞ்சிறாரை அருகிருந்து காத்தல் வேண்டும். ஆனால் வயது ஏற ஏறக் காவல் குறைந்து நம்பிக்கை வளர்தல் முறை. தோளின்மேல் எட்டிப்பார்க்கும் கண்ணுக்கு அஞ்சிக் கற்றவன், அக்கண் அகன்றவுடன் நூலையும் மூடிவிடுவான். தானே நேரம் வகுத்துக் கற்றவனோ வாழ்நாள் முழுதும் கற்பான்.

பெற்றோரீர்! விலையுயர்ந்த கருவி வாங்க இயலவில்லையே என நெஞ்சழியற்க. நேரமும் இடமும் செவியும் விலைக்கு வாரா. செல்வர் இல்லத்தும் அவை இல்லாதிருத்தல் உண்டு, எளியோர் குடிலிலும் அவை நிறைந்திருத்தல் உண்டு. அவற்றை இன்றே மைந்தர்க்கும் மகளிர்க்கும் ஒப்ப அளிப்பீராக.